கலங்கள் பேசிக்கொள்வதைப் படிக்கத் தொடங்குவோருக்கு: ஒரே ஒரு செய்தியின் பின்னால் போங்கள்

உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர்கள், தாதியர் பயிற்சிக்குப் போகிறவர்கள், பல்கலைக்கழக முதலாம் வருடத்தில் உடற்றொழிலியலைக் கையில் எடுத்தவர்கள் என்று எல்லோரையும் திணறடிக்கிற ஒரு படம் உண்டு. மேலே ஒரு கோடு, அது கலத்தை மூடியிருக்கும் மென்சவ்வு. கோட்டில் ஒரு வாங்கி, அதாவது வருகிற செய்தி மூலக்கூறைப் பிடிக்கும் புரதம். அதற்குக் கீழே பத்துப் பதினைந்து அம்புக்குறிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்றெழுத்துப் பெயர். இதை அப்படியே பாடமாக்கினால் பரீட்சை முடிகிற அன்றே மறந்துபோகும். அதோடு, வேறொரு ஓமோனைக் கொடுத்துக் கேட்டால் ஒரு வரியும் எழுத வராது.

வேறு வழி இருக்கிறது. நீங்கள் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியை எடுங்கள். அதற்குள் ஓடும் செய்தியை, அது பிறக்கிற இடத்திலிருந்து அழிகிற இடம்வரை பின்தொடருங்கள். ஒரு செய்தியை இப்படி முழுதாகப் பின்தொடர்ந்தவருக்கு மற்றவை பெரும்பாலும் பெயர் மாற்றம்தான். கொப்பியில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக்கொண்டு கூடவே எழுதி வாருங்கள்.

முதலில் நிகழ்ச்சி, பிறகுதான் பெயர்

நான் எடுத்துக்கொள்வது பால் கறத்தல். மட்டக்களப்பில் எருமைத் தயிர் தெரியாத வீடு இல்லை. மாதவணை, மயிலத்தமடுப் பக்கம் பட்டி வைத்திருப்பவர்கள் விடியப்புறம் செய்வதைப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. வந்தவுடனே யாரும் கறக்கத் தொடங்குவதில்லை. கண்டை அவிழ்த்துவிடுவார்கள். அது ஓடிவந்து காம்பைப் பிடிக்கும், சப்பும், மடியை நாலு முட்டு முட்டும். முதலில் பெரிதாக ஒன்றும் வராது. கொஞ்ச நேரத்தில் காம்பு தடித்து இறுகும், கண்டின் வாயோரத்தில் நுரை தள்ளும். அந்த நேரம் பார்த்துக் கண்டை இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்கக் குந்துவார்கள். பிந்தினால் பால் அடங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கொப்பியின் மேல்வரியில் இதை மட்டும் எழுதுங்கள்: “கண்டு ஊட்டியதும் பால் இறங்குகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது.” விளக்க வேண்டியவை இரண்டு: ஏன் இறங்கியது, ஏன் நின்றது. இரண்டாவது கேள்வியைத்தான் மாணவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள்.

அனுப்புவது யார், எவ்வளவு தூரத்துக்கு

காம்பைத் தொட்ட உணர்வு நரம்பு வழியே முள்ளந்தண்டுக்கும் அங்கிருந்து மூளையின் ஐப்போதலமசுக்கும் போகிறது. அங்குள்ள சில நரம்புக் கலங்கள் ஒட்சிடோசினை உண்டாக்கி, தங்கள் நீண்ட வால்களின் நுனியில் சேமித்து வைத்திருக்கின்றன. அந்த நுனிகள் கபச்சுரப்பியின் பின்பகுதியில் இருக்கின்றன. தூண்டல் வந்ததும் ஒட்சிடோசின் குருதியில் கொட்டப்படுகிறது. ஆக, மடியிலிருந்து மூளைக்கு நரம்பு. மூளையிலிருந்து மடிக்குக் குருதி. பழகிய மாட்டுக்கு வாளிச் சத்தத்திலேயே பால் இறங்கத் தொடங்குவதன் காரணம் முதல் பாதி நரம்பு வழி என்பதுதான்.

தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது வேகத்தைச் சொல்லிவிடும். குருதியில் ஏறிப் போகிற செய்தி உடம்பெல்லாம் சுற்றும், வந்து சேர நேரம் எடுக்கும். நரம்பிணைப்பில் இரண்டு கலங்களுக்கும் இடைவெளி 20 முதல் 40 நானோமீற்றர்தான். அங்கே செய்தி மில்லிசெக்கன்களில் போய்ச் சேரும். பக்கத்துக் கலத்துக்கு மட்டும் கசியும் மூலக்கூறுகளும் உண்டு, ஒட்டிநிற்கும் கலங்கள் நேரடித் துளை வழியே அயன்களைப் பரிமாறுவதும் உண்டு. நரம்பும் இரசாயனத்தால்தான் பேசுகிறது என்பதைக் காட்டியவர் ஓட்டோ லோவி. 1921இல் ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார், அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. அந்தத் திரவத்திலிருந்தது அசற்றைல்கோலின். இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

தண்ணீரிலா, கொழுப்பிலா

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் வாங்கி எங்கே இருக்கும் என்பதை ஊகித்துவிடலாம். மென்சவ்வு கொழுப்பால் ஆனது. தண்ணீரில் கரைகிற மூலக்கூறு அதைத் தாண்டாது. ஆகவே வாங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒட்சிடோசின் 9 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் பெப்தைட்டு, நீரில் கரைவது. இதை ஆய்வுகூடத்தில் செயற்கையாகத் தயாரித்ததற்காக வின்சன்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈஸ்ட்ரஜன், தெஸ்தெஸ்தரோன், கோட்டிசோல் போன்ற ஸ்டீரொயிட்டுகள் கொழுப்பில் கரைபவை. நேரே உள்ளே போய், குழியவுருவிலோ கருவிலோ இருக்கும் வாங்கியைப் பிடித்து, மரபணுக்களையே இயக்கும். புதிய புரதம் உண்டாக வேண்டியிருப்பதால் பலன் தெரிய மணிக்கணக்காகும், சிலவேளை நாட்கணக்காகும். வாயுவும் செய்தியாகலாம். நெஞ்சுவலிக்காரர் நாக்குக்குக் கீழே வைக்கும் மாத்திரை நைத்திரிக் ஒட்சைட்டைத் தருகிறது. அது குழாய்ச்சுவர்த் தசைக்குள் புகுந்து தசையைத் தளர்த்துகிறது. 1998ஆம் ஆண்டு மருத்துவ நோபல் இந்த வாயுவுக்கானது. இந்தப் படியில் இதற்கு மேல் நிற்க வேண்டாம்.

கேட்பது யார்

நின்று நிதானித்துப் படிக்க வேண்டிய படி இதுதான். என் கணிப்பில் முழு அலகின் உயிரும் இங்கே இருக்கிறது: மூலக்கூறில் அர்த்தம் எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை, வாங்குகிற கலம்தான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது.

குருதியில் ஏறிய ஒட்சிடோசின் மாட்டின் காதுக்கும் போகிறது, குளம்புக்கும் போகிறது. அங்கே ஒன்றும் நடப்பதில்லை, வாங்கி இல்லாததால். மடிக்குள் பால் சுரக்கும் கலங்கள் நுண்ணிய சிற்றறைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சிற்றறைகளைச் சுற்றி, சுருங்கக்கூடிய தசைமேலணிக் கலங்கள் பின்னிக்கிடக்கின்றன. ஒட்சிடோசின் வாங்கி இருப்பது இந்தப் பின்னலில். செய்தி வந்ததும் பின்னல் சுருங்கி, சிற்றறையை நெரித்து, பாலைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. கவனியுங்கள், ஒட்சிடோசின் பாலைச் சுரக்க வைப்பதில்லை. சுரந்து கிடப்பதை வெளியே தள்ளுகிறது. சுரக்க வைப்பது புரோலக்டின். இந்த இரண்டையும் மாற்றி எழுதுவது பரீட்சையில் ஆண்டாண்டாக நடக்கிற பிழை. எருமையின் மடியில் கீழே தேங்கி நிற்கும் பால் மிகக் குறைவு, பெரும்பகுதி சிற்றறைகளுக்குள்தான். அதனால்தான் கண்டு இல்லாத எருமையைக் கறப்பது அவ்வளவு பாடு.

இதே வாங்கி கருப்பைத் தசையிலும் உண்டு. பிரசவ விடுதியில் சேலைனோடு ஏற்றுகிற ஒட்சிடோசின் அந்தத் தசையைச் சுருக்குவதற்கு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பை இதற்குப் பெரிதாக அசையாது. நாள் நெருங்க நெருங்க வாங்கிகளின் எண்ணிக்கை பல மடங்கு ஏறுகிறது. அனுப்பப்படும் மூலக்கூறு அன்றும் இன்றும் ஒன்றே, கேட்கிற காது கூடியிருக்கிறது. குழந்தை பால் குடிக்கும்போது புதுத் தாய்க்கு அடிவயிறு இழுத்துப் பிடிப்பதற்கும் காரணம் இதுதான்.

மென்சவ்விலுள்ள வாங்கிகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். முதலாவது, செய்தியை உள்ளே கடத்தும் ஜீ புரதத்தோடு வேலை செய்பவை. மென்சவ்வை ஏழு தடவை ஊடறுத்துக் கிடப்பவை. மனிதரில் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 800 மரபணுக்கள் உண்டு, பாவனையிலுள்ள மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு அளவு இவற்றில்தான் வேலை செய்கிறது. 2012ஆம் ஆண்டு இரசாயன நோபல் லெவ்கோவிட்சுக்கும் கோபில்காவுக்கும் போனது இவற்றுக்காக. ஒட்சிடோசின் வாங்கியும் இந்தக் குடும்பம்தான். இரண்டாவது, தானே நொதியமாக வேலை செய்யும் வாங்கி. இன்சுலின் வாங்கி அப்படிப்பட்டது. மூன்றாவது, அயன் கால்வாயாக இருக்கும் வாங்கி; பிடித்தவுடன் திறக்கும்.

மூன்றாவதற்கு உதாரணம் குசினியிலேயே இருக்கிறது. கொச்சிக்காய் உறைப்பது சுவை அல்ல. அதிலுள்ள கப்சைசின், சூட்டை உணரும் நரம்பு நுனியின் ஒரு கால்வாயைத் திறக்கிறது. அந்தக் கால்வாய் இயல்பாகத் திறப்பது ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேல். அதனால் மூளைக்குப் போகிற செய்தி “வாய் சுடுகிறது” என்பதுதான். இந்த வாங்கியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார். குருவிகளிடம் இதே கால்வாய் வேறு அமைப்பில் இருப்பதால் கப்சைசின் அதைத் திறப்பதில்லை. நமக்குக் கண்ணீர் வரவைக்கிற பழத்தை அவை சும்மா கொத்தித் தின்றுவிட்டு விதையை எங்கெங்கோ போட்டு வருகின்றன.

உள்ளே போனது யார்

ஒட்சிடோசின் கலத்துக்கு உள்ளே போவதே இல்லை. வெளியே பிடித்தவுடன் வாங்கியின் வடிவம் உட்பக்கத்தில் மாறுகிறது, அவ்வளவுதான். அந்த மாற்றம் பக்கத்திலிருக்கும் ஜீ புரதத்தைத் தூண்டுகிறது. ஜீ புரதம் அதுவரை வைத்திருந்த ஜீடிபி என்ற சின்ன மூலக்கூறை விட்டுவிட்டு, ஒரு பொசுபேற்று கூடிய ஜீரிபியைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது அது விழித்துவிட்டது. விழித்த ஜீ புரதம் பொஸ்போலிப்பேஸ் சி என்ற நொதியத்தைத் தூண்ட, அது மென்சவ்வின் ஒரு கொழுப்பை வெட்டி ஐபி-3 என்ற சின்ன மூலக்கூறை விடுவிக்கிறது. ஐபி-3, கலத்துக்குள் கல்சியத்தைச் சேர்த்து வைத்திருக்கும் அகமுதலுருச் சிறுவலைக்குப் போய் அங்குள்ள கல்சியக் கால்வாயைத் திறக்கிறது. கல்சியம் கொட்ட, தசைமேலணிக் கலம் சுருங்குகிறது.

கல்சியம் ஏன் இவ்வளவு பலமான செய்தி? கலம் சும்மா இருக்கும்போது குழியவுருவில் கல்சியம் கலத்துக்கு வெளியே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. அந்தக் குறைவைக் காப்பாற்ற, கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து ஓயாமல் வெளியேயும் சிறுவலைக்குள்ளும் பம்பிக்கொண்டே இருக்கிறது கலம். உன்னிச்சைக் குளத்தில் மாரி முழுக்கத் தேக்கிய தண்ணீருக்கு முன்னால், மடைக்கதவை ஒரு சாண் தூக்குவது போலத்தான் இது. தூக்குகிற கைக்குப் பெரிய வேலை இல்லை. வாய்க்காலில் பாய்வது ஏற்கெனவே சேர்த்து வைத்தது.

செய்தி போகப் போகப் பெருகுவதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இதற்கு அதிரினலினும் ஈரலும் நல்ல உதாரணம். ஒரு அதிரினலின் மூலக்கூறு வாங்கியைப் பிடித்தால் நூற்றளவில் ஜீ புரதங்கள் விழிக்கின்றன. பத்தாயிரமளவில் சக்கர ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு உண்டாகிறது. அடுத்தடுத்த நொதியங்கள் தூண்டப்பட்டுக் கடைசியில் ஈரலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜனிலிருந்து 10 கோடியளவில் குளுக்கோஸ் பொசுபேற்று மூலக்கூறுகள் கழன்று வருகின்றன. உள்ளே செய்தி கொண்டுபோகும் சக்கர ஏஎம்பியைக் கண்டறிந்த ஏர்ள் சதர்லாண்டுக்கு 1971இல் நோபல் கிடைத்தது. வெளியே வந்த ஓமோனுக்கும் உள்ளே நடக்கும் வேலைக்கும் நடுவில் இன்னொரு தூதர் இருக்கிறார் என்பதே அன்று பெரிய செய்தி.

தொடங்குகிறவர் இந்த இடத்தில் ஐந்து கண்ணிகளுக்கு மேல் எழுதக் கூடாது என்பது என் கட்டாயம். வாங்கி, ஜீ புரதம், நொதியம், உள்தூதர், வேலை. புத்தகத்தில் இருபது இருந்தாலும் முதல் மாதத்துக்கு இந்த ஐந்து போதும்.

நிற்பது எப்படி

மேல்வரியில் எழுதிய இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம். பால் ஏன் நின்றது?

முதல் காரணம் வெளியே: ஒட்சிடோசின் குருதியில் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது, ஈரலும் சிறுநீரகமும் அதை அழித்துவிடுகின்றன. கறப்பவரின் அவசரம் இதனால்தான். அடுத்தது வாங்கியில்: மூலக்கூறு ஒட்டியே இருப்பதில்லை, வந்து போகும்; கனநேரம் தூண்டப்பட்ட வாங்கிக்குக் கலமே பொசுபேற்றுக் குத்தி, அரெஸ்டின் என்ற புரதத்தால் மூடி, உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஜீ புரதம்: தான் பிடித்த ஜீரிபியைத் தானே உடைத்துத் திரும்பத் தூங்கிவிடும். கடைசியில் கல்சியம் திரும்பப் பம்பப்படும். ஒவ்வொரு கண்ணிக்கும் தன் பக்கத்திலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது. நீங்கள் எழுதிய ஐந்து கண்ணிகளுக்கும் எதிரே, சிவப்புப் பேனையால், அதை நிறுத்துவது எது என்று எழுதுங்கள்.

செய்தி தொடங்காமலே தடைப்படுவதும் உண்டு. புது ஆள் கறக்க வந்தாலோ நாய் குரைத்தாலோ மாடு பாலை “மறைத்துக்கொள்ளும்” என்பார்கள். மாடு வேண்டுமென்று செய்வதல்ல. பயத்தில் மூளையிலிருந்து ஒட்சிடோசின் வருவதே குறைகிறது; அதிரினலின் மடிக்குப் போகும் குருதிக் குழாய்களைச் சுருக்க, வந்த கொஞ்சமும் போய்ச் சேர்வதில்லை.

நிறுத்தம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாந்திபேதி சாட்சி. கொலரா நச்சு, குடல் கலத்தின் ஜீ புரதம் ஜீரிபியை உடைக்கவிடாமல் செய்துவிடுகிறது. அது தூங்கவே முடியாது. சக்கர ஏஎம்பி ஏறிக்கொண்டே போக, குளோரைட்டும் பின்னால் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. வாந்திபேதிக்குக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் ஜீவனி இந்தச் செய்தியை நிறுத்துவதில்லை. நச்சு தொடாத இன்னொரு வழியை அது பயன்படுத்துகிறது: குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து கலத்துக்குள் ஏறும் புரதம் பழுதாகாமல் இருப்பதால், அவற்றோடு தண்ணீரும் உள்ளே வருகிறது. அதனால்தான் அதில் உப்பும் சீனியும் இரண்டும் வேண்டும்.

இனி நீங்களே செய்து பாருங்கள்

கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விதான்: எந்தக் கண்ணியில் கை வைக்கப்பட்டிருக்கிறது?

முட்டு வருத்தக்காரரின் நீல நிறப் பம்ப். அதிலுள்ள சல்பியூட்டமோல், சுவாசக் குழாய்த் தசையில் அதிரினலின் பிடிக்கும் பீற்றா-2 வாங்கியைத் தூண்டுகிறது. சக்கர ஏஎம்பி ஏறுகிறது, தசை தளர்கிறது. இதயத் தசையில் அதே சக்கர ஏஎம்பி ஏறினால் துடிப்பு பலமாகும், தளராது. உள்தூதர்கூடத் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை என்பதை இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். பம்ப் அடித்தவுடன் கை நடுங்குவதற்கு, எலும்புத் தசையிலும் அந்த வாங்கி இருப்பது காரணம். பிரஷருக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கும் புரொப்பிரனலோல் இந்த வாங்கியை மறிப்பதால், முட்டுக்காரருக்கு அதைக் கொடுப்பதில்லை.

அடுத்தது பாம்பு, வயலும் காடும் உள்ள நம் பக்கத்துக்கு இது வெறும் பாடமல்ல. நாகம் கடித்தாலும் கட்டுவிரியன் கடித்தாலும் கண் இமை தொங்கும், பிறகு மூச்சுத் தசை சோரும். நாகத்தின் நஞ்சு தசையிலுள்ள அசற்றைல்கோலின் வாங்கியை அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு முக்கியமாக நரம்பு நுனியையே பழுதாக்கி, அசற்றைல்கோலின் வெளிவராமல் செய்கிறது. ஒன்றில் வாங்குபவர் முடங்கியிருக்கிறார், மற்றதில் அனுப்புபவர். அசற்றைல்கோலினை உடையாமல் வைத்துக் கூட்டும் நியோஸ்டிக்மின் நாகக் கடியில் ஓரளவு உதவுவதும் கட்டுவிரியன் கடியில் பெரிதாக உதவாததும் ஏன் என்று நீங்களே எழுதுங்கள். நிலத்தில் படுத்தவரை இரவில் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் இருக்கலாம்; சந்தேகமென்றாலே ஆசுப்பத்திரிக்குப் போய்விட வேண்டும், இமை தொங்கும்வரை பார்த்திருக்கக் கூடாது.

வயலில் அறக்கொட்டியானுக்கும் மற்றப் பூச்சிகளுக்கும் அடிக்கும் மருந்துகளில் ஓகனோபொசுபேற்று, காபமேற்று வகைகள் கை வைப்பது நிறுத்தத்தில். நரம்பிணைப்பில் அசற்றைல்கோலினை உடைத்துச் செய்தியை முடித்துவைக்கும் நொதியம் முடக்கப்படுகிறது. செய்தி முடிவதே இல்லை. முகமூடியும் கையுறையும் இல்லாமல் அடித்தவருக்கு எச்சில் வடியும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், மூச்சு முட்டும். ஆசுப்பத்திரியில் கொடுக்கும் அத்திரோபின் அந்த நொதியத்தைத் தொடுவதில்லை; ஒரு வகை அசற்றைல்கோலின் வாங்கியை மூடிவிடுகிறது. எலும்புத் தசையில் இருப்பது மற்ற வகை. எச்சிலும் வியர்வையும் அடங்கிய பிறகும் தசைச் சோர்வு ஏன் மிஞ்சலாம் என்பதற்கு அதுவே விடை.

கடைசியாகச் சீனி வருத்தம், இதை விடையில்லாமல் தருகிறேன். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம், சதையியின் பீற்றாக் கலங்கள் அனுப்புவது. தசைக்கலத்தில் அதன் வாங்கி தூண்டப்பட்டதும், உள்ளே பைகளில் கிடக்கும் குளுக்கோஸ் கடத்திகள் மென்சவ்வுக்கு ஏறி வருகின்றன. முதலாம் வகையில் பீற்றாக் கலங்களே அழிந்துவிடுகின்றன. இரண்டாம் வகையில், தொடக்க காலத்தில் குருதியில் இன்சுலின் வழமையைவிடக் கூடவும் இருக்கலாம், ஆனாலும் சீனி இறங்காது. இரண்டு நோயாளருக்கும் உங்கள் பக்கத்தில் எந்தெந்த வரியில் புள்ளடி விழும்? ஒருவருக்கு முதல் நாளிலிருந்தே ஊசி ஏன், மற்றவருக்குப் பெரும்பாலும் மாத்திரையில் தொடங்குவது ஏன் என்பதையும் அதே வரிகளை வைத்தே எழுதுங்கள்.